போலீஸ் இல்லாத தெருவிலும் போலீஸ் ராஜ்யம்: பாசிச ஆட்சி மக்களை எப்படிக் கட்டிப்போடுகிறது?

காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம் ஹெல்மெட் சோதனை நடக்கிற அன்று ஏதாவது ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும், "சுத்தப் போலீஸ் ராஜ்யமாப் போச்சுப்பா" என்று யாராவது சலித்துக்கொள்வது காதில் விழும். ஆயிரம் ரூபாய் அபராதம் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அவர் அதைச் சத்தமாகச் சொல்கிறார், முன்பின் தெரியாத நாலு பேர் கேட்டுச் சிரிக்கிறார்கள், சோதனை போடுகிற காவலரே கொஞ்ச நேரம் கழித்து அதே கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். இதெல்லாம் நடக்கிற இடத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அப்படியானால் எதற்குப் பொருந்தும்? டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் இதைக் கேட்கும்போதெல்லாம் பாடப் புத்தகத்தின் ஒரு வரிப் பதில்தான் கையில் இருக்கிறது: சர்வாதிகாரி, ரகசிய போலீஸ், வதைமுகாம். மூன்றும் சரிதான். ஆனால் ஒரு நாட்டில் ஏழெட்டுக் கோடிப் பேரை அடக்கி வைக்க எத்தனை போலீஸ் வேண்டும், நேற்று வரை தேர்தல் நடத்திக்கொண்டிருந்த ஊர் இன்றைக்கு எப்படி வாயை மூடிக்கொள்கிறது, இந்த வேலை உள்ளே எப்படி நடக்கிறது என்று அந்த ஒரு வரியில் எதுவும் தெரியாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பாசிசம். நீட்டி முழக்காமல் சொன்னால், நாடு என்பது ஒரே உடம்பு, அதற்கு ஒரே தலைவர், ஒரே கட்சி, மாற்றுக் கருத்து என்பது அந்த உடம்பில் வந்த நோய் என்று நம்பவைக்கிற அரசியல். இத்தாலியில் 1922-இல் முசோலினி ஆட்சிக்கு வந்தார், ஜெர்மனியில் 1933 ஜனவரி 30-ஆம் தேதி ஹிட்லர் பிரதமரானார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போரில் ஜெயித்த ஃபிராங்கோ 1939-இலிருந்து 1975-இல் சாகும் வரை ஆண்டார் (அவரைப் பாசிஸ்ட் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள், நமக்கு அந்தச் சண்டை வேண்டாம்). சாதாரண ராணுவ சர்வாதிகாரிக்கும் பாசிஸ்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ராணுவத் தளபதிக்கு நீங்கள் சும்மா இருந்தால் போதும். பாசிஸ்டுக்கு அது போதாது, நீங்கள் கை தட்ட வேண்டும், கொடி கட்ட வேண்டும், கையை நீட்டி வணக்கம் வைக்க வேண்டும். எதிர்த்தவன் மட்டுமல்ல, கூட்டத்தில் கை தட்டாமல் நின்றவனும் குற்றவாளி. கை தட்டாதவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் சீருடைப் போலீஸ் மட்டும் எப்படிப் போதும்?

சரி, வேலை எங்கே ஆரம்பிக்கிறது? துப்பாக்கியில் ஆரம்பிப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரு காகிதத்தில் ஆரம்பிக்கிறது.

1933 பிப்ரவரி 27-ஆம் தேதி ராத்திரி பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே பிடிபட்டவர் வான் டெர் லுப்பே என்கிற டச்சு இளைஞர். கம்யூனிஸ்ட்கள் புரட்சிக்குத் திட்டம் போட்டுவிட்டார்கள், இதுதான் அதற்கு அடையாளம் என்று அரசு அறிவித்தது. மறுநாளே ஜனாதிபதி ஹிண்டன்பர்க் கையெழுத்தில் ஓர் அவசர ஆணை வந்தது. தனிமனிதச் சுதந்திரம், பேச்சு, பத்திரிகை, கூட்டம் கூடும் உரிமை, கடிதமும் தொலைபேசியும் ரகசியமாக இருக்கும் உரிமை, வீட்டைச் சோதனை போடுவதற்கு இருந்த கட்டுப்பாடு, எல்லாவற்றையும் அந்த ஒரே ஆணை நிறுத்திவைத்தது. "மறு அறிவிப்பு வரும் வரை" என்று போட்டிருந்தார்கள். ஹிட்லரின் ஆட்சி முடிகிற வரை, 12 வருடமும், அந்த மறு அறிவிப்பு வரவே இல்லை.

இந்த ஆணை கையில் கிடைத்ததும் போலீஸுக்குப் புதிதாக ஓர் ஆயுதம் வந்தது, பெயர் "பாதுகாப்புக் காவல்". உங்களைப் பிடித்து உள்ளே வைப்பது உங்கள் பாதுகாப்புக்காகவாம், நாட்டின் பாதுகாப்புக்காகவாம். குற்றச்சாட்டு, வக்கீல், நீதிபதி, விடுதலைத் தேதி, ஒன்றும் கிடையாது. பிரஷ்யா மாநிலத்தில் மட்டும் அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் 25,000 பேர் அளவுக்கு இப்படி உள்ளே போனார்கள். இத்தனை பேரை வைக்க ஜெயிலில் இடம் ஏது? மியூனிக் பக்கத்தில் டாகாவ் என்ற ஊரில் மூடிக் கிடந்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையை மார்ச் 22-ஆம் தேதி முகாமாக்கினார்கள். அதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். 5,000 பேரை வைக்கக்கூடிய முகாம் திறக்கிறோம் என்று அப்போது மியூனிக் போலீஸ் தலைவராக இருந்த ஹிம்லர் பத்திரிகையிலேயே அறிவித்தார். முகாம் இருப்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும், உள்ளே என்ன நடக்கிறது என்பது அரைகுறையாகத் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. விடுதலையாகி வருகிறவனிடம் உள்ளே பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். உடம்பு பாதியாகத் திரும்பி வந்து, என்ன நடந்தது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிற ஓர் ஆள் தெருவில் இருந்தால் போதாதா? மற்றவர்கள் மீதியைத் தாங்களாகவே நிரப்பிக்கொள்வார்கள்.

தீ வழக்கு விசாரணையில் அரசுக்கு ஒரு சங்கடம் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரில் நாலு பேரை நீதிமன்றம் டிசம்பரில் விடுதலை செய்துவிட்டது. வான் டெர் லுப்பே ஒருவருக்குத்தான் தண்டனை, அதுவும் தீ வைப்புக்கு மரண தண்டனை என்ற சட்டத்தைச் சம்பவம் நடந்த பிறகு போட்டு, அதை முன்தேதிக்குப் பொருத்தி. ஹிட்லருக்குக் கோபம். பழைய நீதிமன்றத்தை நம்பினால் ஆகாது என்று 1934-இல் "மக்கள் நீதிமன்றம்" என்று புதிதாக ஒன்றை அமைத்தார்கள். சுமார் 5,000 பேருக்குத் தூக்குமேடை காட்டிய நீதிமன்றம் அது. மக்கள் என்று பெயரில் வைத்துக்கொண்டு வருகிற அமைப்புகளைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்தான்.

இந்த இடத்தில் நீமோலர் என்ற பாதிரியாரின் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போலீஸ் ராஜ்யத்தின் உயிர்நாடி அதில் இருக்கிறது. இவர் ஒன்றும் பிறவிப் புரட்சிக்காரர் இல்லை. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி, ஆரம்பத்தில் ஹிட்லரை வரவேற்றவரும்கூட. சர்ச்சுக்குள் அரசு கையை வைத்தபோதுதான் முரண்பட்டார். 1937 ஜூலையில் கைது. அடுத்த மார்ச்சில் தீர்ப்பு, ஏழு மாதத் தண்டனையும் அபராதமும். அதற்குள் எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டதால் அப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றது நீதிமன்றம். போக முடிந்ததா? ஹிட்லரின் ரகசிய போலீஸான கெஸ்டபோவின் ஆட்கள் அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஜாக்ஸன்ஹாவுசன் முகாமில் போட்டார்கள். பிறகு டாகாவ். 1945-இல் போர் முடிந்துதான் வெளியே வந்தார். நீதிமன்றம் இருந்தது, நீதிபதி இருந்தார், முறைப்படி தீர்ப்பும் வந்தது. அந்தத் தீர்ப்புக்கு வாசலைத் தாண்டி மதிப்பில்லை, அவ்வளவுதான். 1936 பிப்ரவரியில் கெஸ்டபோவுக்கென்று ஒரு சட்டமே போட்டார்கள்: அதன் நடவடிக்கையை எந்த நிர்வாக நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது.

நம்ம ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். காரைக்குடியில் ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. நிறுத்தவில்லை, ஆள் எங்கே என்றே தெரியவில்லை என்றால் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் ஆட்கொணர்வு மனு போடலாம். நடைமுறையில் இது எத்தனை தடவை மீறப்படுகிறது என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும், தடுப்புக் காவல் சட்டங்கள் இருப்பதும் தெரியும், அதையெல்லாம் மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் போய்க் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது, கேட்டதற்காக நம்மையும் தூக்கி உள்ளே போடமாட்டார்கள் என்ற நினைப்பும் ஓரளவுக்கு இருக்கிறது. போலீஸ் ராஜ்யம் முதலில் அடைப்பது அந்த வாசலைத்தான். நெருக்கடி நிலையின்போது 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆட்கொணர்வு மனு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. எதிர்த்து எழுதிய ஒற்றை நீதிபதி எச். ஆர். கன்னா. நம் நாடு பாசிச நாடாகிவிட்டது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வாசலை அடைக்க எத்தனை கையெழுத்துத் தேவைப்பட்டது என்று பாருங்கள், அதற்குத்தான் சொல்கிறேன்.

இத்தாலியில் இதே வேலை மெதுவாக நடந்தது. 1924 ஜூன் 10-ஆம் தேதி, தேர்தல் மோசடியை நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்த மாத்தியோத்தி என்ற சோஷலிஸ்ட் உறுப்பினரை ரோமில் பட்டப்பகலில் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நாடே கொதித்தது, முசோலினியின் நாற்காலியே ஆடியது. ஆனால் அரசரும் மற்றவர்களும் தயங்கிக்கொண்டே நின்றார்கள், 1925 ஜனவரி 3-ஆம் தேதி முசோலினி அதே நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு, என்ன செய்வீர்கள் என்கிற தொனியில் பேசினார். யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அடுத்த வருடம் தன்மீது நடந்த ஒரு கொலை முயற்சியைக் காரணமாக வைத்துக் கட்சிகளைக் கலைத்தார், மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தார், தனி நீதிமன்றம் வைத்தார். கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்ஷி நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே 1926 நவம்பர் 8-ஆம் தேதி கைதானார். தண்டனை 20 வருடம், 4 மாதம், 5 நாள். ஜெயிலில் உடம்பு முழுக்கக் கெட்டு 46 வயதில் செத்துப்போனார்.

அங்கே இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள், தீவுக்கு அனுப்புவது. லிபாரி, உஸ்திகா, வெந்தொத்தேனே மாதிரித் தீவுகளுக்கோ தெற்கே ரோடு போகாத மலைக் கிராமங்களுக்கோ ஐந்து வருடம் வரை ஆளை அனுப்பிவிடுவார்கள். முடிவு செய்வது நீதிபதி இல்லை, மாவட்ட அதிகாரி தலைமையில் ஒரு குழு. முடிந்ததும் நீட்டிக்கலாம். சுட்டுக் கொல்லவில்லை, சங்கிலி இல்லை, ஆனால் அந்த ஆளின் தொழில், குடும்பம், நண்பர் வட்டம் எல்லாம் ஒரே அடியில் அறுந்துபோகும். இதை "லேசான தண்டனை" என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். ஒரு கடைக்காரரைக் காரைக்குடியிலிருந்து பெயர்த்து, யாரையும் தெரியாத ஓர் ஊரில் ஐந்து வருடம் வைத்தால் திரும்பி வரும்போது அவருக்குக் கடை இருக்குமா?

இனி எண்ணிக்கைக்கு வருவோம். மூலைக்கு மூலை ரகசிய போலீஸ் நின்றது என்றுதான் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எஸன் என்ற ஜெர்மன் தொழில் நகரத்தில் ஆறரை லட்சம் பேர் இருந்தார்கள். அங்கே இருந்த கெஸ்டபோ அதிகாரிகள் 40 சொச்சம் பேர்தான். ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள் இருக்கிற காரைக்குடிக்கு அந்தக் கணக்கில் ஏழு பேர் வரும். ஏழு பேர்! செக்காலை ரோட்டில் ஒரு பஞ்சாயத்தைத் தீர்க்கவே ஏழு பேர் போதாது. அந்த ஏழு பேரில் மேஜையைவிட்டு எழாமல் ஃபைல் எழுதுகிறவர்களும் உண்டு.

அப்புறம் எப்படி எல்லாம் தெரிந்தது? ஜனங்கள் சொன்னார்கள். வூர்ட்ஸ்பர்க் நகரத்துக் கெஸ்டபோ ஃபைல்கள் எரிக்கப்படாமல் தப்பியவை, அதைப் படித்த ஆய்வாளர்கள் அசந்துபோனார்கள். யூதர்களோடு பழகினார்கள் என்று போடப்பட்ட வழக்குகளில் பாதிக்குமேல் அக்கம்பக்கத்தார் தாமாக வந்து கொடுத்த தகவலில் ஆரம்பித்திருக்கின்றன. கொள்கைப் பற்றில் சொன்னவர்கள் உண்டு. ஆனால் வாடகை வீட்டைக் காலி செய்ய வைக்க, தொழில் போட்டியில் எதிர்க்கடைக்காரனைத் தொலைக்க, புருஷனைக் கழற்றிவிட, மாடிப்படியைக் கூட்டுவது யார் என்ற சண்டைக்குப் பழிவாங்க என்று எழுதிப்போட்டவர்கள் ஏராளம். அற்பப் புகார்கள் வந்து குவிகின்றன, வேலை பார்க்க முடியவில்லை என்று மேலதிகாரிகளே சலித்துக்கொள்கிற அளவுக்குப் போயிருக்கிறது. பங்காளிச் சண்டையில் எதிராளி மேல் மொட்டைக் கடுதாசி போடுகிற வழக்கம் நமக்கும் புதிதில்லை. அந்தக் கடுதாசி போய்ச் சேருகிற இடத்துக்கு எல்லையில்லாத அதிகாரம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் யோசியுங்கள்.

இந்தப் புகார்க் கூட்டத்துக்குப் பக்கத்தில் கட்சியும் தன் ஆளை வைத்திருந்தது. நாற்பது முதல் அறுபது வீட்டுக்கு ஒரு பிளாக் பொறுப்பாளர். சம்பளக்காரர் இல்லை, அதே தெருவில் குடியிருக்கிறவர். எந்த வீட்டில் நிச்சயதார்த்தம், யார் வீட்டுப் பையன் பினாங்கிலிருந்து பணம் அனுப்பவில்லை, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு தேவகோட்டைக்குப் போய்விட்டாள் என்றெல்லாம் கோயில் வாசலில் உட்கார்ந்தே சொல்லிவிடுகிற ஆள் நம் தெருவிலும் ஒருவர் இருப்பாரே, அவர் கையில் வீட்டுக்கு ஓர் அட்டையும் ஒரு பென்சிலும் கொடுத்து, எழுதியதை வாராவாரம் கட்சி ஆபீசில் கொடு என்று சொன்னால் எப்படி இருக்கும், அதுதான் அந்தப் பொறுப்பாளர். தலைவர் பிறந்தநாளுக்குக் கொடி கட்டினார்களா, வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்கிறார்களா, நன்கொடை எவ்வளவு போட்டார்கள் எல்லாம் அதில் ஏறும்.

நன்கொடை என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் மிகவும் தந்திரமாகத் தோன்றுவது இதுதான். 1933 அக்டோபரிலிருந்து குளிர்கால மாதங்களில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் ஒரே சட்டியில் எளிமையாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும், வறுவல் பொரியல் என்று எதுவும் கூடாது, மிச்சமாகிற காசை ஏழைகள் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கேட்க நல்ல காரியம்தான். காசு வாங்க ஆள் வீட்டு வாசலுக்கே வருவான். அந்த நேரம் அடுப்படியிலிருந்து இறைச்சி வறுக்கிற வாசனை வந்தால்? கொடுத்த காசு போன மாதத்தைவிடக் குறைந்தால்? அவன் எதுவும் கேட்கவே மாட்டான், பட்டியலில் தொகையை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புச் சட்டிக்குள் அரசு கையை விட்டுவிட்டது, அதற்குப் போலீஸே தேவைப்படவில்லை.

பெர்லினில் ஓட்டோ ஹாம்பெல் என்ற தொழிலாளியும் அவர் மனைவி எலிஸும் இருந்தார்கள். பெரிய படிப்பில்லை, எந்த எதிர்ப்பு இயக்கத்திலும் இல்லை. 1940-இல் எலிஸின் தம்பி பிரான்ஸ் போரில் செத்துப்போனான். அதன் பிறகு இருவரும் உட்கார்ந்து தபால் அட்டைகளில் பெரிய எழுத்தில், எழுத்துப் பிழையோடு, ஹிட்லருக்கு ஒத்துழைக்காதீர்கள் என்று எழுத ஆரம்பித்தார்கள். எழுதியதை அடுக்குமாடிக் கட்டடங்களின் படிக்கட்டில் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். யாராவது எடுத்துப் படிப்பார்கள், அடுத்தவருக்குக் கொடுப்பார்கள் என்று நம்பிக்கை. இரண்டு வருடத்தில் 200-க்கும் மேல் எழுதினார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் நேராகக் கொண்டுபோய்ப் போலீஸில் கொடுத்துவிட்டார்கள். அதைக் கெட்ட எண்ணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கையில் வைத்திருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருந்தால்? இதுவே போலீஸ் வைத்த பொறியாக இருந்தால்? கொடுத்துவிட்டால் நாம் தப்பித்தோம். எல்லோரும் தனித்தனியாக இப்படி யோசித்ததில் அட்டைகள் கெஸ்டபோ மேஜையில் போய்ச் சேர்ந்தன. 1943 ஏப்ரல் 8-ஆம் தேதி இருவரையும் தலையை வெட்டிக் கொன்றார்கள்.

அதே வருடம் பிப்ரவரி 18-ஆம் தேதி மியூனிக் பல்கலைக்கழகத்தில் 21 வயது சோஃபி ஷோலும் அண்ணன் ஹான்ஸும் துண்டுப் பிரசுரம் போட்டார்கள். மிச்சமிருந்ததை மேல்மாடியிலிருந்து சோஃபி கீழே தள்ளிவிட்டபோது பிடித்தது போலீஸ் இல்லை, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஊழியர். நாலு நாள் கழித்து விசாரணை, தீர்ப்பு, மரண தண்டனை, எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. ஊழியருக்கு 3,000 மார்க் பரிசு.

இதைவிட ஆழமாக வெட்டியது நண்பர்களுக்குள்ளேயே ஆளை வைத்தது. முசோலினியின் ரகசியப் போலீஸ் ஓவ்ரா. அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்றுகூட அரசு தெளிவாகச் சொன்னதில்லை, தெரியாத பூதத்துக்குத்தானே பயம் அதிகம். டூரின் நகரத்தில் முசோலினி எதிர்ப்பாளர்களின் வட்டம் ஒன்று, படித்தவர்கள், எழுத்தாளர்கள், பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்த அன்றைய பிரபல நாவலாசிரியர் ஒருவர் அத்தனையையும் ஓவ்ராவுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். 1935 மே மாதம் ஒரே வீச்சில் அந்த வட்டத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். இந்த மாதிரி ஒரு துரோகம் வெளியே தெரிந்தால் போலீஸுக்கு நஷ்டம் என்று நினைப்போம். இல்லை, லாபம்தான். மறுநாளிலிருந்து ஊரில் ஒவ்வொரு நண்பனையும் இன்னொரு நண்பன் சந்தேகமாகப் பார்ப்பான். நாலு பேர் கூடினால்தானே எதிர்ப்பு? கூட முடியாமல் செய்துவிட்டால் வேலை முடிந்தது.

செட்டிநாட்டுக்கு இந்த விஷயம் அவ்வளவு தூரத்துச் சங்கதியும் இல்லை. 1942-இல் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தபோது மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள், மலாயாவிலும் பர்மாவிலும் கடை கடையாக இருந்தார்கள், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் கதை இல்லாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. ஜப்பானின் ராணுவப் போலீஸுக்குக் கெம்பெய்டாய் என்று பெயர். சிங்கப்பூர் விழுந்த சில நாளிலேயே சீன ஆண்களை வரிசையில் நிற்கவைத்து வடிகட்டினார்கள். சில இடங்களில் முகத்தை மூடிய ஆள் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் தலையை அசைத்தால் வரிசையில் நிற்பவன் லாரியில் ஏற வேண்டும், ஏறினால் திரும்பி வரமாட்டான். இப்படி ஆயிரக்கணக்கில் செத்தார்கள். முகமூடிக்குள் இருப்பது யார், எதற்காக அசைத்தான் என்று கேட்பதற்கு யாரும் இல்லை. ஜப்பானைப் பாசிச நாடு என்று சொல்லலாமா என்பதிலும் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு, ஆனால் அந்த வரிசையில் நின்றவனுக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது.

பட்டியல் போடுவதும் ரேகை எடுப்பதும் பாசிஸ்டுகள் கண்டுபிடித்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சென்னை மாகாணத்துக்கு 1911-இல் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்று பதிவு செய்து, ராத்திரி காவல் நிலையத்தில் வந்து படு, வெளியூர் போனால் சீட்டு வாங்கு என்றது. இங்கே அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். 1947-இல்தான் மாகாணத்தில் அது ஒழிந்தது. ஆளை வகைப்படுத்தி, நீ என்ன செய்தாய் என்று பார்க்காமல் நீ யார் என்று பார்த்துத் தண்டிக்கிற பழக்கம் காலனி ஆட்சிகளில் நன்றாகப் பழகியாகிவிட்டது. ஹிட்லர் அதை ஐரோப்பாவுக்குள்ளேயே, ஒரு முழு இனத்தையே அழிக்கிற எல்லை வரை கொண்டுபோனார்.

பயம் மட்டும்தானா என்றால், இல்லை. வயிறும் உண்டு. இத்தாலியில் 1930-களில் அரசு வேலைக்குக் கட்சி உறுப்பினர் அட்டை கேட்டார்கள். 1931-இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லோரும் ஆட்சிக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றபோது, சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் அளவுதான். மற்ற எல்லோரும் பாசிஸ்டா? கிடையாது. பிள்ளைகள் படிக்க வேண்டும், வீட்டுக்கடன் கட்ட வேண்டும், ஒரு கையெழுத்துதானே என்று போட்டார்கள். ஃபிராங்கோவின் ஸ்பெயினில் நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாமல் பல வேலைகளுக்குப் போக முடியாது, அதை ஊர்ப் பாதிரியாரும் போலீஸும் கட்சிக்காரரும் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வராதவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

இவ்வளவும் படித்துவிட்டு ஜெர்மனியில் ஒவ்வொருவரும் ராத்திரியெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் தப்பு. பெரும்பாலான சாதாரண ஜெர்மானியர்கள் தங்கள் வீட்டுக் கதவைக் கெஸ்டபோ தட்டும் என்று நினைக்கவே இல்லை. வேலை கிடைத்தது, ரேடியோ மலிவாக வந்தது, ஊர் சுத்தமாக இருக்கிறது என்று திருப்தியாகத்தான் இருந்தார்கள். தலைவரைப் பற்றி நக்கலாகப் பேசுவதற்கு 1934 டிசம்பரிலேயே தனிச் சட்டம் போட்டிருந்தாலும், நாஜி ஆதரவாளர் குடித்துவிட்டு ஒரு ஜோக் சொன்னால் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். அதே ஜோக்கைப் பழைய கம்யூனிஸ்ட் ஒருவர் சொன்னால் முகாம். யூதர், கம்யூனிஸ்ட், ரோமா மக்கள், ஓரினச் சேர்க்கையாளர், ராணுவத்தில் சேர மறுத்த யெகோவா சாட்சிகள், இவர்களுக்குத்தான் அந்த நாடு போலீஸ் ராஜ்யம். மற்றவர்களுக்கு அது சட்டம் ஒழுங்கு நன்றாக இருக்கிற நாடு. எனக்கு இந்த வரலாற்றிலேயே உறைக்கிற இடம் இதுதான்: பக்கத்து வீடு ராத்திரியோடு ராத்திரியாகக் காலியானபோது, காலையில் அங்கே மலிவு விலையில் ஏலம் போட்ட மேஜை நாற்காலியை வாங்கப் போனவர்கள் யாருக்கும் தாங்கள் பயத்தில் வாழ்வதாகத் தோன்றவில்லை.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இத்தாலியில் 1946-இல் ஓவ்ராவுக்கு உளவு சொன்ன 600-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அரசிதழிலேயே வெளியிட்டார்கள், அந்த நாவலாசிரியர் பெயரும் அதில் இருந்தது, அவர் கடல் தாண்டி அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். ஜெர்மனியில் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே தெருவில், அதே வீட்டில் இருந்து வயதாகிச் செத்தார்கள். மக்கள் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு மேற்கு ஜெர்மனியில் 1967-இல் தண்டனை கொடுத்தார்கள், அடுத்த வருடமே மேல்முறையீட்டில் அது ரத்தானது, மறுவிசாரணையில் விடுதலையும் ஆனார், அதை எதிர்த்த மேல்முறையீடு முடிவதற்குள் அவர் செத்துப்போனார். அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளில் வேறு யாருக்கும் மேற்கு ஜெர்மனியில் இறுதித் தண்டனை என்று ஒன்று நிற்கவில்லை. அது நீதிமன்றமே அல்ல, பயங்கரத்தின் கருவி என்று ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது 1985-இல்.